டேல் வெஸ்ட்ரமுக்குப் பதினொரு சதவீதம்

சதவீத ஜோசியர் என்று ஓர் இனம் உண்டு. கிளி, சோழி, கைரேகை எதுவும் இவருக்கு வேண்டாம். தேர்தலுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கும்போது, நிற்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சேதியை வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லியிராத நேரத்தில், எங்கோ ஒரு கல்லூரிக்காரர்கள் எண்ணூறு பேருக்குத் தொலைபேசி போட்டு வெளியிட்ட கருத்துக்கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளுநர் யார், அவருடைய வலதுகை யார், இரண்டாம் முறை நிற்கும்போது அவர் எந்த ஊரில் சறுக்குவார் என்பது வரை சொல்லிவிடுவார். பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் அந்தப் பிள்ளையின் பேரனுக்கே பெண் பார்த்து முடித்திருப்பார்.

ஆளுநர் என்றதும் தில்லியிலிருந்து பெட்டியோடு வந்திறங்குகிறவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே விஸ்கான்சினில் ஆளுநர் என்றால் மாநிலத்தையே ஆள்கிறவர்; ஊர் ஊராகக் கைகுலுக்கி, திருவிழாவில் பன்றிக்குட்டியைத் தூக்கிப் படம் எடுத்து, வோட்டு வாங்கி வருகிறவர். ஆகவே அவரை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. தேர்தல் கணிப்பு இயலின் பிதாமகர் ஹார்லன் பிக்ஸ்பி சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல: "முதல் கணிப்பு முதல் காதல் மாதிரி; கல்யாணம் நடப்பதென்னவோ வேறொருவரோடு." ஆனால் சதவீத ஜோசியருக்குக் கல்யாணத்தில் அக்கறை இல்லை. முதல் காதலே போதும்.

எங்கள் ஆல்டர் லேக் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி டெல்மர் ஹாகன். வயது அறுபத்தெட்டு. முப்பத்தோரு வருஷம் பால் பண்ணைக் கூட்டுறவில் வேலை பார்த்தவர். வேலை என்னவென்றால், லாரி லாரியாக வரும் பாலில் ஒரு கரண்டி மொண்டு கொழுப்பு எத்தனை சதவீதம் என்று சொல்வது. ஒரு கரண்டிப் பாலில் ஒரு லாரிப் பாலைக் கண்டவருக்கு, எண்ணூறு பேரில் ஒரு மாநிலத்தைக் காண்பது கடினமா? ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து பாலின் இடத்தில் ஜனங்களை வைத்துக்கொண்டார். மற்றபடி அவர் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை.

இவருடைய நித்திய கர்மங்களைக் கேளுங்கள். காலையில் காபிக்கு முன் கணிப்பு. கணிப்பு வராத நாளில் பழைய கணிப்பு. அறிக்கையில் அட்டவணையை மட்டுமே படிப்பார். அதைச் சுற்றியுள்ள எழுத்தெல்லாம் எண்களைப் புரிந்துகொள்ள முடியாத பாமரர்களுக்காக இரக்கப்பட்டு எழுதியது என்பது அவர் கொள்கை. "பிழை வரம்பு" என்ற சொல்லை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்கு ஜீரணம் ஆகாது. மனைவி லவான் சூப்பில் உப்பு எப்படி என்று கேட்டால், "பிழை வரம்புக்குள்ள இருக்கு" என்பார். நாற்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவள் என்பதால் அவள் கரண்டியை வீசவில்லை.

இத்தனை இருந்தும் டெல்மருக்கு ஒரு குறை. பிறந்ததிலிருந்து ஒரு கணிப்புக்காரர்கூட அவரை அழைத்துக் கருத்துக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரை இரண்டு முறை அழைத்திருந்தார்கள். அவருக்கோ நடப்பு ஆளுநர் பேரே தெரியாது. ஊரில் எல்லாரும் வீட்டுத் தொலைபேசியைப் பிடுங்கிப் போட்டுவிட்ட பிறகும், டெல்மர் மட்டும் சமையலறைச் சுவரில் அந்தப் பழுப்பு நிறக் கருவியை மாட்டி வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "அது மணி அடிக்கும்" என்பார். பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாசலில் இடுப்பளவு பனி கிடந்தபோது, அது மணி அடித்தே விட்டது.

"வணக்கம் சார். ஆளுநர் தேர்தல் பத்தி ஒரு கருத்துக்கணிப்பு. உங்க வீட்டுல பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருதோ, அவங்ககிட்ட பேசலாமா?" என்றாள் ஒரு பெண்.

அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். தொலைபேசியை முதலில் எடுக்கிற ஆளிடமே கேட்டால், எப்போதும் எடுக்கத் துடிக்கிற ஆட்களின் கருத்துதான் கிடைக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதாவது டெல்மர் போன்றவர்களை வடிகட்டவே வைத்த சல்லடை. லவானுக்கு அடுத்த வியாழக்கிழமை பிறந்தநாள். டெல்மருக்கு அக்டோபரில்.

"எனக்குத்தான்," என்றார் டெல்மர்.

பனிக்காலணியைத் துடைத்துக்கொண்டிருந்த லவான் நிமிர்ந்தாள். "உனக்கு அக்டோபர்லதானே?"

டெல்மர் கையை ஆட்டி அவளை அடக்கினார். நாற்பது வருஷத் தவத்தில் வரம் கொடுக்க வந்த தெய்வத்திடம் அடையாள அட்டையா காட்டுவார்கள்?

பேர் பேராகக் கேட்டுக்கொண்டே வந்தாள் அந்தப் பெண். இவரைப் பற்றி நல்ல அபிப்பிராயமா, கெட்ட அபிப்பிராயமா, கேள்விப்பட்டதே இல்லையா? டெல்மர் கம்பீரமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனார். அப்போது அவள் கேட்டாள்: "டேல் வெஸ்ட்ரம்?"

டெல்மர் ஒரு கணம் தடுமாறினார். டேல் வெஸ்ட்ரம். யார் அது? பேர் காதில் விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் "கேள்விப்பட்டதே இல்லை" என்று சொல்ல வேண்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊருக்கே அரசியல் பாடம் நடத்துகிறவர், வாழ்நாளில் கிடைத்த ஒரே அழைப்பில், ஒரு சின்னப் பெண்ணிடம், எனக்குத் தெரியாது என்று சொல்வாரா?

"ஓரளவு நல்ல அபிப்பிராயம்," என்றார். குரலில் பழைய சிநேகிதனைப் பற்றிப் பேசுகிற கனிவு இருந்தது.

"ஆர்டித் ஹாகன்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டித் ஹாகன் டெல்மரின் கூடப் பிறந்த தங்கை. இருபத்திரண்டு வருஷமாக மாவட்ட எழுத்தராக இருந்து, வாக்காளர் பட்டியலில் செத்தவர்களை நீக்கி, புதிதாக வந்தவர்களைச் சேர்த்து, தேர்தல் என்றால் என்ன என்பதை அடிமுதல் நுனிவரை அறிந்தவள். அந்த ஜனவரியில்தான், "எல்லார் தேர்தலையும் நடத்தியாச்சு, என் தேர்தலையும் ஒரு தடவை நடத்திப் பாக்கறேனே" என்று ஆளுநர் பதவிக்கு நிற்பதாக அறிவித்திருந்தாள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

டெல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சொந்தத் தங்கை. நல்ல அபிப்பிராயம் என்றால் பாரபட்சம். விஞ்ஞானம் கெட்டுவிடும்.

"கேள்விப்பட்டதே இல்லை," என்றார்.

லவான் கையிலிருந்த காலணி தரையில் விழுந்தது. அடுத்த வியாழக்கிழமை பிறந்தநாள் விருந்துக்கு டப்பா சூப்தான் என்று அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். பிறந்தநாள் அவருடையதுதானே, அவரே சூடு பண்ணிக்கொள்ளட்டும்.

மார்ச் மாதம் கணிப்பு வெளிவந்தது. டெல்மர் அதை நூலகத்தில் அச்செடுத்து, பெர்னீஸ் நடத்தும் ஏரிக்கரை விடுதிக்குக் கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வறுத்த மீன். மீன் என்றால் பெர்னீஸின் விடுதி. விடுதி என்றால் ஜன்னல் ஓர மேஜையில் டெல்மர். எதிரே பனிக்கட்டியில் துளைபோட்டு மீன் பிடிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத அவருடைய நண்பர் கோர்டி. உருளைக்கிழங்கு அடையை ஓரமாகத் தள்ளிவிட்டு டெல்மர் தாளை விரித்தார்.

"பாத்தியா? டேல் வெஸ்ட்ரம், நல்ல அபிப்பிராயம் பதினொண்ணு. பேருக்குப் பக்கத்துல சின்னதா நட்சத்திரம் வேற போட்டிருக்கான். இந்த ஆளைக் கவனிச்சுக்கோன்னு அர்த்தம்."

"உன் தங்கச்சி?" என்றார் கோர்டி.

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

"பிழை வரம்பு நாலு. அப்படிப் பாத்தா அவ மைனஸ் ரெண்டுலகூட இருக்கலாம்," என்றார் டெல்மர், வருத்தத்தோடுதான். கணக்கு என்று வந்துவிட்டால் கூடப்பிறந்த பாசம் குறுக்கே வர முடியாது.

கோர்டி மீனை மென்றுகொண்டே யோசித்தார். தனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கும் மனமில்லை. "வெஸ்ட்ரம்… வெஸ்ட்ரம்… ரைஸ் லேக் பக்கம் பனிவண்டி விக்கிறவன்தானே? என் மச்சான் அவன்கிட்டதான் வாங்கினான்."

"அவனேதான்," என்றார் டெல்மர்.

"பாவி, பெல்ட்டு அறுந்த வண்டியைத் தள்ளிவிட்டுட்டான்."

பெர்னீஸ் ரொட்டிக்கூடையை வைத்துவிட்டு நின்றாள். "அந்த ஆளா? போன கோடையில இங்க வந்து சாப்பிட்டானே. ரெண்டு தட்டு மீன். ஒரு காசு டிப்ஸ் வைக்கல."

இந்த இடத்தில்தான் பிக்ஸ்பியின் சீடர்கள் "வாத்துக்கூட்ட விளைவு" என்று ஒன்றைச் சொல்வார்கள். அதை உங்களுக்கு நான் விளக்கினால் கோபித்துக்கொள்வீர்கள். ஏப்ரல் முடிவதற்குள் டேல் வெஸ்ட்ரமுக்கு ஒரு சரித்திரமே உருவாகிவிட்டது. அப்பா நார்வேக்காரர், அம்மா போலந்துக்காரி, முழங்காலில் பழைய காயம், சர்ச்சில் பின்வரிசையில் உட்காருவார், முதல் மனைவியோடு சரிப்பட்டு வரவில்லை, இரண்டாவது மனைவி தேவலை. தீயணைப்பு நிலையத்தில் இரண்டு பேர் அவரை ஆதரித்தும் மூன்று பேர் எதிர்த்தும் பேசினார்கள். முடிதிருத்தும் கடையில் ஒருவர், வெஸ்ட்ரம் முன்போல் இல்லை, பதவி ஆசை வந்ததும் மாறிவிட்டான் என்று பெருமூச்சு விட்டார். இத்தனைக்கும் மூலகர்த்தாவான டெல்மர் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, அவருக்கும் வெஸ்ட்ரமுக்கும் ஒரு விவசாயக் கண்காட்சியில் நடந்த நீண்ட உரையாடல் ஒன்றை நினைவுகூரத் தொடங்கினார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி முன்மொழிவுத் தாள்கள் வெளியே வந்தன. ஆளுநர் தேர்தலில் நிற்கவேண்டும் என்றால் இரண்டாயிரம் வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். ஜூன் முதல் தேதி மாலை ஐந்து மணிக்குள் தலைநகர் மாடிசனில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஒரு பதவிக்கு ஒருவர் ஒருவருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். முதல் நாள் காலையிலேயே ஆர்டித் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். தாள் மடங்கிவிடக் கூடாது என்று, மூடி போட்ட கேக் தட்டுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

"முதல் தாள், முதல் வரி. நீ போடணும்னு வெச்சிருக்கேன், டெல்மர்."

டெல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கெட்ட சகுனம். "ஆர்டித், நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு இருக்கறது ஒரே கையெழுத்து."

"எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதைத்தான் சொல்றேன். ரெண்டு சதவீதத்துக்குப் போட்டா வீணாப் போயிடும். வெஸ்ட்ரம் ஆளுங்க எப்ப வேணும்னாலும் தாளோட வருவாங்க. அப்ப நான் கைய விரிக்க முடியாதில்ல?"

ஆர்டித் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். "எந்த வெஸ்ட்ரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"டேல் வெஸ்ட்ரம். அரசியல்ல இருக்க, இதுகூடத் தெரியலயே உனக்கு."

அவள் கேக் தட்டை மூடினாள். பேனாவைப் பையில் போட்டுக்கொண்டாள். "சரி. அந்த வரி காலியாவே இருக்கும். மனசு மாறினா சொல்லு," என்று சொல்லிவிட்டு, உருகும் பனிச் சேற்றில் காலை ஊன்றி ஊன்றி நடந்து போனாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த லவானுக்கு மாமனார் வீட்டில் யாரையும் இவ்வளவு பிடித்ததில்லை. அன்றைக்குக் கணவனுக்குக் காபியில் சர்க்கரை போடவில்லை.

அடுத்த ஆறு வாரம் டெல்மர் பட்ட பாடு இருக்கிறதே. வெஸ்ட்ரமின் தாளோடு யாரும் வரவில்லை. தபால் நிலையத்தில் விசாரித்தார். தீவனக் கடையில் விசாரித்தார். ரைஸ் லேக் வரை வண்டி ஓட்டிப் போய், பனிவண்டி விற்கும் மூன்று கடைகளிலும் விசாரித்தார். அங்கே வெஸ்ட்ரம் இல்லை என்றதும், பிரசாரத்தில் ஊர் ஊராக அலைகிறார் போலும் என்று மனதுக்குள் பாராட்டினார். ஒரு விளம்பரம் இல்லை, ஒரு பலகை இல்லை, ஒரு கூட்டம் இல்லை. வேறொருவராக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவருக்கு, முயலே கண்ணில் படாதது அதன் வேகத்துக்கு அத்தாட்சி. "சத்தமில்லாம வேலை பாக்கறான். கடைசி வாரம் பாரு, வெடிக்கும்," என்றார் கோர்டியிடம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஆர்டித் அந்த ஆறு வாரமும் வெள்ளிக்கிழமை மீனுக்கு வரவில்லை. அப்பா காலத்திலிருந்து அண்ணனும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட மேஜை அது. அவளுடைய நாற்காலியில் டெல்மர் அட்டவணைகளை அடுக்கி வைத்தார். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். வெஸ்ட்ரமின் ஆள் வருகிறானா என்று பார்ப்பதாகச் சொன்னார். லவான் நம்பவில்லை, எனக்கும் நம்பிக்கையில்லை.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஏரியில் இன்னும் வெளிச்சம். திங்கட்கிழமை மாலை ஐந்து மணியோடு தாள் கொடுக்கும் கெடு முடிகிறது. ஜன்னல் மேஜையில் டெல்மர், லவான், கோர்டி. கதவு திறந்தது. ஆர்டித் கேக் தட்டோடு உள்ளே வந்து, நாற்காலியிலிருந்த அட்டவணைகளை எடுத்து அண்ணன் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பெர்னீஸ், எனக்கு ஒரு தட்டு மீன். பசி உயிர் போகுது," என்றாள். பிறகு, "வெஸ்ட்ரமுக்குப் போட்டுட்டியா, டெல்மர்?"

"இன்னும் தாள் வரல. நாளைக்கு வந்துடும்."

"ஆள் எப்படி? எனக்குச் சொல்லேன். எதிர்த்து நிக்கிறவனைப் பத்தித் தெரிஞ்சுக்க வேணாமா?"

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் எங்கள் ஊரில் மேஜை நிறைந்துவிடும். கோர்டி அறுந்த பெல்ட்டைச் சொன்னார். பெர்னீஸ் வைக்காத டிப்ஸைச் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர் இரண்டாவது மனைவியின் சமையலைப் புகழ்ந்தார். டெல்மர் கண்காட்சி உரையாடலை முழுதாகச் சொல்லி, விடைபெறும்போது வெஸ்ட்ரம் தன் தோளில் தட்டிக்கொடுத்ததில் முடித்தார். ஆர்டித் மீனைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, கேக் தட்டின் அடியிலிருந்து மார்ச் மாதக் கணிப்பு அறிக்கையை எடுத்தாள். டெல்மர் அச்செடுத்தது அட்டவணைகளை மட்டும். இது முழு அறிக்கை.

"நாப்பத்தேழாம் பக்கம். அந்த நட்சத்திரத்துக்கு அடிக்குறிப்பு. சின்ன எழுத்து படிக்கிறதுதான் என் பொழைப்பு, அதனால முதல் நாளே படிச்சுட்டேன். நீ படி. சத்தமா."

டெல்மர் படித்தார். முதல் வரியை உரக்கப் படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. "டேல் வெஸ்ட்ரம் என்பது கற்பனைப் பெயர். தாங்கள் அறியாத ஒருவரைப் பற்றியும் கருத்துச் சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று அறிவதற்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது."

கோர்டி கழுத்தை நீட்டி அந்தத் தாளைப் பார்த்தார்.

"அப்ப என் மச்சானுக்கு வண்டி வித்தது யாரு?" என்றார் கோர்டி.

"அதான் டிப்ஸ் வைக்கல," என்றாள் பெர்னீஸ். "இல்லாத ஆளு எங்கேருந்து வைப்பான்?"

பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். டெல்மர் அடிக்குறிப்பை மறுபடி படித்தார். "பேரை மாத்திக்கிட்டிருப்பானோ," என்றார்.

"நீ மார்ச்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் தங்கையிடம். காது சிவந்திருந்தது.

"சொல்லியிருக்கலாம். வாசல்ல நின்னப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் நிஜமில்லன்னு தெரிஞ்சதால நீ எனக்குப் போடறதுன்னா, அது எனக்கு வேணாம்னு தோணுச்சு. ஆறு வாரம் பாத்தேன். நீ எங்க வரப்போற? திங்கக்கிழமை கெடு. அதான் நானே வந்துட்டேன்."

லவான் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு ஃபோன்ல உன்னைப் பத்தியும் கேட்டாங்க, ஆர்டித். என்ன சொன்னார்னு கேளு."

"லவான்," என்றார் டெல்மர்.

"கேள்விப்பட்டதே இல்லைன்னு சொன்னார். பிறந்தநாள் என்னுது. என்கிட்ட கொடுத்திருந்தா உனக்கு ஒரு வோட்டு ஏறியிருக்கும். வெஸ்ட்ரமைத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன், மானமும் மிஞ்சியிருக்கும்."

ஆர்டித்துக்கு இது புதுச் செய்தி. அவள் சிரிக்கத்தான் பார்த்தாள்; முடியவில்லை. கேக் தட்டைத் திறந்து முதல் தாளை எடுத்தாள். பத்து வரியில் ஒன்பது நிரம்பியிருந்தது. முதல் வரி காலி.

"ரெண்டாயிரத்து முந்நூறு பேர் போட்டாச்சு. நீ போடலைன்னாலும் திங்கக்கிழமை இது போய்ச் சேர்ந்துடும்," என்றாள். "பாலைக் கலக்காம கரண்டியை விட்டா மேல இருக்கற பாலாடைதான் வரும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்வ? இந்த மாநிலத்தை இன்னும் யாரும் கலக்கவே ஆரம்பிக்கல, டெல்மர். அதுக்குள்ள நீ கரண்டியோட நிக்கற. இல்லாத ஒருத்தனுக்காக ஆறு வாரம் கையெழுத்தைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்த. நான் இருக்கேன். அறுபத்து மூணு வருஷமா உன் கூடவே இருக்கேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக டெல்மருக்கு ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது. கோர்டியின் பையிலிருந்து பேனாவை உருவினார். முதல் வரியில் தன் பேரை எழுதினார். விலாசம் எழுதினார். தேதி எழுதும் கட்டத்தில் நின்றார்.

"இன்னிக்குத் தேதி," என்றாள் ஆர்டித், எழுத்தருக்கே உரிய குரலில். "அக்டோபர்னு எழுதிடாதே."

லவான்தான் முதலில் சிரித்தாள். பிறகு கோர்டி சிரித்தார். பிறகு பெர்னீஸ் சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். கடைசியில் டெல்மரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குதிரைமுள்ளங்கிச் சட்னியில் காரம் அதிகம் என்றார். அன்றைக்கு அந்த மேஜையில் யாரும் அந்தச் சட்னியைத் தொடவே இல்லை.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியில் ஆப்பிள் பை வந்தபோது டெல்மர் காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "இங்க பாரு, ஆர்டித். வெஸ்ட்ரம் இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப அந்தப் பதினொண்ணு எங்கேயாவது போகணுமில்ல? அத்தனையும் அப்படியே உன்கிட்ட வந்தா, நீ பதிமூணு. நீதான் முன்னணி."

"அந்தப் பதினொண்ணுல ஒருத்தன் வந்துட்டான். இப்போதைக்கு அது போதும்," என்றாள் ஆர்டித். அவருடைய தட்டிலிருந்த ஆப்பிள் பையில் பாதியை வெட்டித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் அடுத்த கணிப்பு வந்தது. ஆர்டித் ஹாகன், மூன்று. சாதாரண ஜனங்கள் அதை மூன்று என்பார்கள். டெல்மர் ஊரைக் கூட்டி, தன் தங்கைக்கு மூன்றே மாதத்தில் ஐம்பது சதவீத வளர்ச்சி என்று அறிவித்தார். இந்த முறை அடிக்குறிப்பையும் படித்துவிட்டார். சமையலறைச் சுவரில் தொலைபேசி இன்னும் தொங்குகிறது. மணி அடித்தால் எடுக்கிற உரிமை லவானுக்கு என்று எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். தெரியாத ஆளைத் தெரியும் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ என்று டெல்மரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டீர்கள். நல்லது. விடைபெறுமுன் ஒரே ஒரு கேள்வி. பிறந்தநாள் யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்களே பதில் சொல்லலாம்.

ஹார்லன் பிக்ஸ்பி பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? தேர்தல் கணிப்பு இயலின் பிதாமகர். முதல் காதல் வாக்கியம் சொன்னவர். அவருடைய சீடர்கள் கண்ட வாத்துக்கூட்ட விளைவு. மிக நல்ல அபிப்பிராயமா, ஓரளவு நல்ல அபிப்பிராயமா? அவரை இன்று காலை பல் துலக்கும்போது நான்தான் உண்டாக்கினேன். அவர் பேரைச் சொன்னபோது நீங்கள் லேசாகத் தலையாட்டியதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தால் பெர்னீஸின் விடுதிக்கு வாருங்கள். ஜன்னல் ஓர மேஜையில் டெல்மருக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.